மிதி, பிடி, விடு

சாலையோரத்து மோட்டார் பட்டறையின் முன்னால் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. கழற்றிய சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்தபடி, கையில் ஒரு சிறு ஸ்பானருடன் மெக்கானிக் 'மிதி' என்று குரல் கொடுப்பார். வண்டிக்குள் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் உதவியாள் பெடலை மிதித்து, 'மிதிச்சாச்சு அண்ணே' என்பான். 'அப்படியே பிடி' என்று கட்டளை பிறக்கும். சக்கரத்தருகே ஒரு திருகு நெகிழ, நுரையும் குமிழுமாகக் கொஞ்சம் திரவம் பீறிட்டு வரும். திருகு மறுபடியும் இறுகிய பின்னரே 'விடு' என்ற சொல் கேட்கும். நான்கு சக்கரங்களையும் சுற்றி, ஒவ்வொன்றிலும் பத்து முறைக்குக் குறையாமல் நடக்கும் இந்தச் சம்பாஷணைக்குப் பட்டறை பாஷையில் 'ஏர் எடுப்பது' என்று பெயர்.

இந்தக் காரியத்துக்கு ஏன் இரண்டு பேர் வேண்டும் என்ற கேள்வி, கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றினாலும், அதற்கு விடை தேடிப் புறப்படுகிறவன் திரவங்களின் இயல்பையும், வாயுக்களின் குணத்தையும், பம்பு என்னும் பழமையான யந்திரத்தின் தத்துவத்தையும் கடந்தே விடையை அடைய வேண்டியிருக்கிறது. அடைந்த பிறகு, அந்த இரண்டாம் ஆள் உண்மையில் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்பது விளங்கிவிடுகிறது. விளங்கிய மாத்திரத்தில், அந்த வேலையை ஒரு சிறு குண்டையும் அதைவிடச் சிறிய ஒரு ஸ்பிரிங்கையும் நம்பி ஒப்படைக்கலாம் என்பதும் தெளிவாகிறது.

மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்தில், பெடலையும் சக்கரத்தையும் இணைத்தவை இரும்புக் கம்பிகளும் வடங்களுமே. ஒரு வடம் சற்று நீண்டு, மற்றொன்று சற்று இறுகி, நான்கு சக்கரங்களும் நான்கு விதமாகப் பிடித்து, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது அக்காலத்தில் சகஜமான அனுபவமாக இருந்தது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவுகிறது என்று பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல் கண்ட விதி, அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1663-இல் நூலாக வெளிவந்து இரண்டரை நூற்றாண்டுகள் சென்ற பின்னர், மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் அந்த விதியை மோட்டார் வண்டியின் பிரேக்குக்குப் பிரயோகித்து 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் வண்டியிலும், 1924-இல் கிறைஸ்லர் வண்டியிலும் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் வந்தது; ஃபோர்டு நிறுவனமோ 1939 வரையில் கம்பிகளையும் வடங்களையும் விடவில்லை.

இந்த ஏற்பாட்டின் சக்தியை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 20 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் பெடலை மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது அந்த விசையை ஐந்து மடங்காக்கி 100 கிலோவாக, தன்னோடு இணைந்த 'மாஸ்டர் சிலிண்டர்' என்னும் உருளையின் பிஸ்டனுக்குக் கொடுக்கிறது. பிஸ்டனின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் என்றால், திரவத்தில் எழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 33 கிலோ. அதே அழுத்தம் மெல்லிய குழாய்களின் வழியே சென்று சக்கரத்தருகே 20 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனைத் தள்ளும்போது, அங்கே பிறக்கும் விசை 660 கிலோ. வண்டியின் இதர உதவிச் சாதனங்கள் எதையும் சேர்க்காமலே, ஒரு மனிதனின் பாதம் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின்மீது நிற்கிறது. குழாய்களில் இருப்பது திரவமாக மட்டுமே இருக்க வேண்டும். திரவம் அமுங்காது என்பதே இதன் அஸ்திவாரம். துல்லியமாகச் சொன்னால், நாம் கணக்கிட்ட அழுத்தத்தில் பிரேக் திரவம் தன் கன அளவில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூடச் சுருங்குவதில்லை. காற்றின் குணமோ முற்றிலும் வேறு. அழுத்தம் எத்தனை மடங்கு ஏறுகிறதோ, அத்தனை மடங்கு வாயுவின் கன அளவு குறையும் என்பது ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி. அதன்படி, குழாய்க்குள் சிக்கிய ஒரு கன சென்டிமீட்டர் காற்று, நம் கணக்கிலுள்ள அழுத்தத்தில் ஏறத்தாழ முப்பத்துநான்கில் ஒரு பங்காக, ஒரு மிளகளவுக்குச் சுருங்கிவிடும். அது காலி செய்த இடத்தை நிரப்ப, மாஸ்டர் சிலிண்டர் ஏறக்குறைய ஒரு கன சென்டிமீட்டர் திரவத்தை வீணாக அனுப்ப வேண்டும். அதற்காகப் பிஸ்டன் 3 மில்லிமீட்டருக்கு மேல் அதிகப்படியாக நகர வேண்டும். பெடலோ அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்க வேண்டும். ஐந்து கன சென்டிமீட்டர் காற்று சிக்கியிருந்தால், பெடல் சுமார் எட்டு சென்டிமீட்டர் வெறுமனே இறங்கித் தரையைத் தொட்டுவிடும். 'பெடல் மெத்துன்னு போகுது' என்று ஓட்டுநர்கள் சொல்லும் குறை இதுதான். ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும் காற்று ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை.

அடைபட்ட அமைப்புக்குள் காற்று எப்படி நுழைகிறது என்றால், பெரும்பாலும் நாம் திறந்துவிடும் வாயிலின் வழியேதான். சக்கரத்தருகேயுள்ள காலிபரையோ வீல் சிலிண்டரையோ குழாயையோ மாற்றும்போதும், கசிவினால் திரவத் தொட்டியின் மட்டம் அடிவரையில் இறங்கிவிடும்போதும் அது உள்ளே வருகிறது. இன்னொரு வழி மிகவும் நயவஞ்சகமானது. பிரேக் ஆயில் என்று பெயர் வழங்கினாலும், இக்கால வண்டிகளில் பெரும்பாலும் நாம் ஊற்றுவது எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த ரசாயனத் திரவம். அது ரப்பர் குழாய்களையும் ஊடுருவி வரும் ஈரத்தைச் சதா தன்னுள் இழுத்துக்கொண்டே இருக்கும் சுபாவமுடையது. டாட் 4 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி உஷ்ணத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி, நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் கலந்த நிலையிலோ 155 டிகிரியைத் தாங்கினால் போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. பழைய திரவம் கொதிக்கும்போது பிறக்கும் நீராவி, காற்று செய்யும் அதே துரோகத்தைச் செய்கிறது.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியவர்கள் சக்கரங்களிலிருந்து எழும் கருகிய வாடையை அறிவார்கள். 1,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விட்டுக்கொடுக்கும் சக்தி, 30 டிகிரியில் இருக்கும் 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்குகிறவனுக்கு அதில் கணிசமான பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது. நியூட்ரலில் உருட்டிவிடுகிறவனுக்கோ அநேகமாக அவ்வளவும் பிரேக்கின் தலையில் விழுகிறது. ஆகவே, காற்றை வெளியேற்றுவதும் பழைய திரவத்தை வடித்துவிட்டுப் புதியதை நிரப்புவதும் ஒரே காரியத்தின் இரண்டு பயன்கள். பல வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இது அவசியம் என்று விதித்திருக்கிறார்கள்.

சிக்கிய காற்று தானாகவே வெளியேறிவிடாதா என்று கேட்கலாம். திரவத் தொட்டி மேலே இருக்கிறது. காற்றுக் குமிழியும் மேலே எழும் இயல்புடையது. ஆனால் குழாய்கள் வண்டியின் அடிப்பாகத்தில் ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்வதால், குமிழிகள் ஒவ்வொரு மேட்டிலும் தங்கிவிடுகின்றன. பிரேக்கைச் சாதாரணமாக மிதிக்கும்போது குழாயிலுள்ள திரவம் சற்று முன்னே சென்று அதே வழியில் பின்னே திரும்புகிறதே அன்றி, ஓடிக் கடந்துவிடுவதில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தை எவ்வளவு ஆடினாலும் தொட்டிலை விட்டுப் போகாததுபோல, குமிழியும் முன்னும் பின்னும் அசைந்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை வெளியேற்ற வேண்டுமானால், இந்த ஊசலாட்டத்தை ஓட்டமாக மாற்ற வேண்டும். பிரேக்கைச் சிறிது நேரத்துக்குப் பம்பாக மாற்ற வேண்டும்.

பிஸ்டனால் இயங்கும் எந்தப் பம்புக்கும் இரண்டு வாயில்கள் தேவை. உள்ளே வருவதை அனுமதித்துத் திரும்பிப் போவதைத் தடுக்கும் ஒரு வாயில். வெளியே போவதை அனுமதித்துத் திரும்பி வருவதைத் தடுக்கும் மற்றொரு வாயில். நம் பிரேக்கில் முதலாவது வாயில் ஏற்கெனவே அமைந்திருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன்மீது பொருத்தப்பட்ட ரப்பர் கிண்ணம், பெடலை மிதிக்கும்போது அழுத்தத்தால் உதடு விரிந்து சிலிண்டரின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பெடல் மேலே வரும்போது அதே உதடு மடங்கி, தொட்டியிலிருந்து புதிய திரவம் முன்னே வழிந்து செல்ல இடம் கொடுக்கிறது. ஆனால் சக்கரத்தருகே இருக்கும் 'நிப்பிள்' என்னும் துளையுள்ள திருகுக்கு அத்தகைய அறிவு கிடையாது. திறந்திருந்தால் இரு பக்கமும் திறந்திருக்கும். மூடினால் இரு பக்கமும் மூடியிருக்கும். அதைத் திறந்துவைத்துவிட்டு ஒருவர் தனியாகப் பெடலை மிதித்தால், மிதிக்கும்போது காற்று வெளியே போகும். விடும்போது உள்ளே தோன்றும் குறைந்த அழுத்தத்தால் வெளிக்காற்று அதே துளையின் வழியே விரைந்து திரும்பி வரும்.

இங்கேதான் பட்டறைச் சம்பாஷணையின் பொருள் விளங்குகிறது. கீழே படுத்திருக்கும் மெக்கானிக்கின் கை, திரவம் வெளியேறும்போது திறந்து, பெடல் மேலேறுமுன் மூடும் வால்வாகச் செயல்படுகிறது. அந்தக் கைக்குக் கண் வேண்டும், பெடலில் ஒரு கால் வேண்டும். கையும் காலும் ஒருவருக்கே சொந்தமாயினும், இடையிலுள்ள தூரம் இருவரைக் கேட்கிறது. 'மிதி, பிடி, விடு' என்ற மூன்று சொற்கள், வால்வும் பிஸ்டனும் தவறாத தாளத்தில் இயங்குவதற்காக மனிதக் குரலால் கட்டிய பாலம். ஒருமுறை தாளம் தவறி, மூடுமுன் பெடலை விட்டுவிட்டால், அதுவரை செய்த வேலையில் பெரும்பகுதி வீண்.

ஒருவழி வால்வு என்பது நமக்கு அறிமுகமில்லாத வஸ்து அன்று. கொல்லனின் துருத்தியில் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாத தோல் மடிப்பு ஒருவழி வால்வுதான். கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாய்க்கு அடியில், ஏறிய தண்ணீரை இறங்கவொட்டாமல் தாங்கி நிற்கும் ஃபுட் வால்வும் அதுவே. பழைய சைக்கிள் சக்கரத்தில் துளையுள்ள சிறு தண்டின்மேல் ஒரு மெல்லிய ரப்பர் குழலை இழுத்து மாட்டியிருப்பார்களே, பம்பு அடித்த காற்றை உள்ளே விட்டுவிட்டுத் தானே துளையைக் கவ்விக்கொள்ளும் அந்த வால்வ் டியூபும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. நம் உடலின் சிரைகளிலுள்ள மடிப்புகள் ரத்தத்தை இருதயத்தை நோக்கி மட்டுமே செல்ல விடுகின்றன என்பதையும் சான்றாகக் காட்டி, வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியான தம் நூலில் ரத்தம் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்ற பேருண்மையை நிலைநாட்டினார். ஒரே திசையில் திறக்கும் கதவு இருக்கும் இடத்தில், ஊசலாட்டம் ஓட்டமாகிவிடுகிறது.

பிரேக்குக்கென்று செய்த ஒருவழி நிப்பிள், பார்வைக்குச் சாதாரண நிப்பிளைப்போலவே இருக்கும். அதன் உள்வழியில் ஒரு சிறு குண்டு, மெல்லிய ஸ்பிரிங்கின் தள்ளுதலால் துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. திருகைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை நெகிழ்த்திவிட்டுப் பெடலை மிதித்தால், திரவத்தின் அழுத்தம் குண்டைத் தூக்கி வழி உண்டாக்குகிறது. பெடல் மேலே வரத் தொடங்கியதும் ஸ்பிரிங் குண்டைத் திரும்பவும் ஆசனத்தில் அமர்த்துகிறது. இந்த நிப்பிளில் குண்டுக்குச் சமமான முக்கியத்துவமுள்ள இன்னோர் அம்சம், அதன் மரைகளின்மேல் பூசியிருக்கும் கசிவுத்தடுப்புப் பூச்சு. ஏனெனில் நெகிழ்ந்த திருகின் மரை இடுக்கும் ஒரு வழிதான். நடுவழியைக் குண்டு காத்தாலும், இடுக்கு வழியே காற்று புகுந்துவிடலாம். நிப்பிளை மாற்ற விரும்பாதவர்கள், ஒருவழி வால்வு பொருத்திய ரப்பர் குழாயை இருக்கும் நிப்பிளிலேயே மாட்டியும் இதைச் செய்யலாம். ஆனால் மரையின் இடுக்குக்கு அதில் காவல் இல்லாததால், திருகை மிகக் குறைவாகவே நெகிழ்த்த வேண்டும்.

இனி, தனி ஒருவராக இதைச் செய்யும் முறையைச் சொல்கிறேன். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய பாகத்தை ஜாக்கின் பொறுப்பில் விடாமல் உறுதியான ஸ்டாண்டின்மேல் இருத்த வேண்டும். தன் வண்டிக்குரிய மரை அளவுள்ள நிப்பிளையே வாங்க வேண்டும். பழைய நிப்பிள் துருப்பிடித்திருந்தால், முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை மரையோரத்தில் மட்டும் இட்டு ஊறவைத்து, திருகுமுன் நன்றாகத் துடைத்துவிடுவது உத்தமம்; அவசரப்பட்டு முறித்துவிட்டால் செலவும் சிரமமும் பன்மடங்காகும். வலப்பக்கம் ஓட்டுநர் அமரும் நம் நாட்டு வண்டிகளில், மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் இடச் சக்கரத்தில் தொடங்கி, பின் வலம், முன் இடம், முன் வலம் என்று வருவது பொதுவான வழக்கம். பிரேக் குழாய்களைக் குறுக்காகப் பிரித்த இரட்டைச் சுற்று உள்ள வண்டிகளுக்கு வரிசை மாறக்கூடுமாதலால், வண்டியின் கையேடு சொல்வதே பிரமாணம்.

தொட்டியிலுள்ள கறுத்த திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, உரிய தரத்துப் புதிய திரவத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். நிப்பிளில் கண்ணாடிபோல் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது திரவம் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்கும்படி வைத்து, திருகை நெகிழ்த்திவிட்டு ஆசனத்தில் அமர்ந்து, பெடலை நிதானமாக மிதித்து நிதானமாக விட வேண்டும். வேகமாகக் குத்தி மிதித்தால், பெரிய குமிழி உடைந்து எண்ணற்ற சிறு குமிழிகளாகித் திரவத்தோடு கலந்துவிடும்; அவை பிரிந்து சேர வெகு நேரமாகும். மூன்று மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் நான்கு மீட்டர் நீண்டிருந்தால் அதில் அடங்கும் திரவம் சுமார் 28 கன சென்டிமீட்டர். ஒரு மிதிக்கு நாலைந்து கன சென்டிமீட்டர் நகர்ந்தால், ஆறேழு மிதிகளில் குழாயிலுள்ளது முழுவதும் மாறிவிடும். சிலிண்டருக்கும் ரப்பர்க் குழாய்க்கும் இன்னும் சில மிதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய வண்டியில் ஒரு விஷயத்தை மறக்கலாகாது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அன்றாடம் பாதித் தூரமே செல்கிறது. அதற்கு அப்பாலுள்ள சுவரில் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். இப்போது பெடலைத் தரைவரை மிதித்தால், ரப்பர் கிண்ணத்தின் உதடு அந்தக் கரடுமுரடான பகுதியில் உரசிக் கிழிந்துவிடக்கூடும். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்த அபாயம் நீங்குகிறது. அதைவிட முக்கியம், ஐந்தாறு மிதிகளுக்கு ஒரு முறை எழுந்து சென்று தொட்டியைப் பார்ப்பது. முதல் முறை நான் என் வண்டியில் இதைச் செய்தபோது, சக்கரத்தருகே வரும் குமிழிகளையே கவனித்துக்கொண்டிருந்து தொட்டியை மறந்துவிட்டேன். அது வறண்டு, மேலிருந்தே காற்றை உறிஞ்ச, பிற்பகல் முழுவதும் செய்த வேலையை மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் ஆளின் கையை வால்வு ஈடுசெய்யும். அவருடைய கண்ணை ஈடுசெய்யாது என்ற பாடத்தை அன்று கற்றேன்.

தெளிவான திரவம் குமிழியின்றி வந்ததும், திருகை உரிய அளவுக்கு இறுக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உள்ளிருக்கும் குண்டு காற்றை மறிக்கும் காவலனே தவிர, பிரேக்கின் அழுத்தத்தைத் தாங்கும் மூடி அன்று. திருகின் கூம்பு முனை தன் ஆசனத்தில் இறுகினால்தான் அமைப்பு மூடியதாகும். நெகிழ்ந்த நிப்பிளோடு சாலைக்குச் சென்றால், ஒவ்வொரு மிதியும் திரவத்தை வெளியே இறைத்துக்கொண்டிருக்கும். காலிபரைக் கழற்றி மாட்டியவர்கள், நிப்பிள் அதன் உச்சியில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இடமும் வலமும் மாறிப் பொருத்தி நிப்பிள் கீழே போய்விட்டால், எத்தனை மிதித்தாலும் மேலே தங்கிய காற்று வெளிவராது.

இந்தச் சாதனத்துக்கு எல்லைகளும் உண்டு. ஒரு மணல் துகள் குண்டுக்கடியில் அகப்பட்டாலும் கதவு சரியாக மூடாது. மரைப் பூச்சு பல முறை திறந்து மூடியபின் தேய்ந்துவிடும். ஏபிஎஸ் என்னும் வழுக்கல் தடுப்பு அமைப்பின் உட்பகுதிக்குள் காற்று புகுந்திருந்தால், அதன் வால்வுகளை இயக்கும் மின்னணுக் கருவி இல்லாமல் பல வண்டிகளில் அதை வெளியேற்ற முடியாது. கசியும் சிலிண்டரையும் கிழிந்த ரப்பரையும் எந்த நிப்பிளும் குணப்படுத்தாது. சிந்திய திரவம் வண்டியின் வர்ணத்தை அரித்துவிடுமாதலால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வடித்த பழைய திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கேட்டு, தனிப் பாட்டிலாகவே ஒப்படைப்பது கடமை.

கடைசியாகச் செய்ய வேண்டியது பரீட்சை. எஞ்சினை இயக்காமல் பெடலைப் பலமாக மிதித்து அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். அது சிறிதுதூரம் சென்று, மெத்தென்ற உணர்ச்சி ஏதுமின்றி, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கேயோ கசிவு இருக்கிறது. பிறகு நான்கு நிப்பிள்களையும் விரலால் தடவி ஈரமில்லை என்று கண்டு, ஜனசஞ்சாரமற்ற இடத்தில் நடை வேகத்தில் பல முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். சந்தேகம் துளியளவு மிஞ்சினாலும், தேர்ந்த மெக்கானிக்கை அழைப்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

தொட்டியை வறளவிட்ட அந்தப் பிழைக்குப் பின் நான் மறுபடியும் தொடங்கி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆசனத்தில் அமர்ந்து மிதித்தேன். பாதத்துக்கடியில் பெடல் கருங்கல்லைப்போல் நின்றது. குறுகலான மலைப்பாதையின் உச்சியில் வண்டியை நிறுத்தி, முதல் வளைவில் இறங்குமுன் ஒரு முறை பெடலை மிதித்துப் பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கமாகியிருக்கிறது. அந்த ஒரு மிதியில், குழாய்களின் கோடியில் இருப்பது காற்றா திரவமா என்பதைக் கால் எனக்குச் சொல்லிவிடுகிறது.